அந்த மெயில் எங்கே நின்றது?

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் கோஆர்டினேட்டராக இருக்கிறேன். எம்பிஏ முடித்து வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. போன சீசனில் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றில், நெஞ்சில் வரும் பிரிண்டை ஒரு சென்டிமீட்டர் மேலே ஏற்றச் சொல்லி பையரிடமிருந்து (ஆர்டர் கொடுத்த கம்பெனி) மெயில் வந்தது. பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அன்றைக்கே வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். ஆனாலும் பிரிண்டிங் யூனிட்டில் பழைய அளவிலேயே அடித்துவிட்டார்கள். மறுபடி வெட்டி, மறுபடி அடித்து, கடைசியில் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டியதாகிவிட்டது. "நம்ம கம்பெனியில் தகவல் எப்படிப் போகிறது என்று ஒரு படம் போட்டு எல்லாருக்கும் விளக்கு" என்றார் எம்.டி. நானும் எம்.டி.யில் தொடங்கி ஹெல்பர் வரை 43 பெட்டிகளுடன் சார்ட் ஒன்று செய்து, ஃப்ளெக்ஸ் அடித்து ஆபீஸில் மாட்டினேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. கட்டிங் மாஸ்டர் மட்டும், "என் பேரில் ஸ்பெல்லிங் தப்பு" என்றார். எப்படிப் படம் போட்டால் புரியும்? எந்த சாஃப்ட்வேர் நல்லது?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அந்த ஃப்ளெக்ஸை முதலில் கழற்றிவிடுங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், வேலைக்கு ஆகும்.

நீங்கள் போட்டிருப்பது நிர்வாகப் படம். யாருக்கு யார் மேலதிகாரி, லீவு லெட்டரை யாரிடம் நீட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது போதும். எம்.டி. கேட்டது வேறு. பையர் அனுப்பிய ஒரு வரி எங்கெல்லாம் போனது, எங்கே நின்றது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அந்த 43 பெட்டிகளில் பிரிண்டிங் யூனிட்காரருக்கு ஒன்று இருக்கிறதா? இருக்காது. அவர் ஜாப் ஒர்க், அதாவது கூலிக்கு வேலை செய்து தருகிற வெளியாள், உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாதவர். கட் பீஸை ஏற்றிக்கொண்டு போகிற வேன் டிரைவர் ஒருவேளை இருப்பார், கடைசி வரிசையில். ஆனால் உங்கள் கம்பெனிக்கும் அந்த யூனிட்டுக்கும் நடுவே அடிக்கடி போய் வருகிற ஆள் அவராகத்தான் இருக்கும். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் இன்னோரிடம் என்று தொழில் பண்ணுகிற ஊரில், கம்பெனியின் தகவல் காம்பவுண்டுச் சுவரோடு நின்றுவிடுவதில்லை.

நிர்வாகப் படம் வீண் என்று சொல்ல வரவில்லை. அது பிறந்த கதையே உங்கள் கதைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1850-களில் அமெரிக்காவில் நியூயார்க் அண்ட் ஈரி ரயில்வே கிட்டத்தட்ட 500 மைல் நீளப் பாதையை ஓட்டிக்கொண்டிருந்தது. அதன் பொது மேற்பார்வையாளராக இருந்தவர் டேனியல் மெக்கல்லம். 50 மைல் நீளமுள்ள சின்ன ரயில் கம்பெனியை ஒரே ஆள் நேரில் போய்ப் பார்த்துக்கொண்டு நன்றாக நடத்திவிடுகிறார். ஆட்களை முகம் பார்த்தே தெரியும், எந்த வேலை எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். 500 மைலுக்கு அந்த வித்தை செல்லவில்லை. குறை ஆட்களிடம் இல்லை, அவ்வளவு நீளத்துக்கு ஏற்ற ஏற்பாடு இல்லாததுதான் காரணம் என்று தன் அறிக்கையில் எழுதினார் மெக்கல்லம். எந்த ரயில் எங்கே நிற்கிறது என்ற தகவல் தந்தி வழியாக மணிக்கு மணி மேலே வரும்படி ஏற்பாடு செய்தார். 1855-ல் ஜார்ஜ் ஹென்ஷா என்பவரை வைத்து ஒரு படமும் வரைய வைத்தார். நவீன நிர்வாகப் படங்களில் முதலாவது என்று பலரும் சொல்வது அதைத்தான். அதில் இயக்குநர் குழுவும் தலைவரும் அடியில், வேர் இருக்கும் இடத்தில் இருப்பார்கள். ரயில் பாதைகள் கிளைகளாக மேல்நோக்கிப் படரும். (உங்கள் எம்.டி.யை அடியில் போடச் சொல்லி நான் தூண்டிவிடவில்லை.)

உங்கள் எம்.டி.யும் சில மெஷின்களோடு ஆரம்பித்தவராகத்தான் இருப்பார். அப்போது படம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. எல்லாத் தகவலும் அவர் காது வழியாகத்தான் போயிருக்கும். இப்போது அப்படி இல்லை என்பது அவருக்கே உறைத்திருக்கிறது, அதனால்தான் உங்களிடம் கேட்டிருக்கிறார்.

சரி, என்ன செய்வது? முழுக் கம்பெனியையும் ஒரு படத்தில் அடக்க நினைக்காதீர்கள். ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அது போன வழியை மட்டும் வரையுங்கள். உங்களுக்குத்தான் ரெடியாக ஒன்று இருக்கிறதே: பிரிண்டை ஒரு சென்டிமீட்டர் ஏற்றச் சொன்ன மெயில்.

இதற்கு டேட்டா ஃப்ளோ டயகிராம் என்று ஒரு பழைய முறை உண்டு. 1970-களில் கம்ப்யூட்டர் சிஸ்டம் வடிவமைத்தவர்கள் உருவாக்கியது. எட்வர்ட் யுர்டான், டாம் டிமார்க்கோ போன்றவர்கள் அதைப் பரப்பினார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மொத்தம் நாலே குறிகள்தான். வெளியாளுக்குச் சதுரம். வேலைக்கு வட்டம். தகவல் தங்கியிருக்கும் இடத்துக்கு இரண்டு இணைகோடுகள். போகிற தகவலுக்கு அம்பு. அம்பின் மேல் "தகவல்" என்று பொதுவாக எழுதாதீர்கள். "புது பிரிண்ட் அளவு" என்று போகிற பொருளை எழுதுங்கள். அது எந்த வழியில் போனது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள்: மெயில், வாட்ஸ்அப், போன், வாய்ச்சொல், தாள்.

இந்த நாலில் பலரும் கோட்டைவிடுவது இணைகோடுகளைத்தான். தகவல் எங்கெல்லாம் தங்கியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். மெர்ச்சண்டைசரின் இன்பாக்ஸில் ஒன்று. டிசைன், அளவு விவரமெல்லாம் இருக்கும் டெக் பேக் ஃபைலில் ஒன்று. கட்டிங் டேபிளுக்கு மேலே ஒட்டிய ஜெராக்ஸில் ஒன்று. பிரிண்டிங் யூனிட்டில் ஆணியில் தொங்கும், கையெழுத்துப் போட்டு அப்ரூவ் ஆன ஸ்டிரைக் ஆஃபில் (மாதிரிப் பிரிண்ட்) ஒன்று. மாற்றம் வரும்போது இதில் எத்தனை இடங்களில் திருத்தப்படுகிறது, எத்தனை இடங்களில் பழையது அப்படியே தொங்குகிறது? படம் போடாமல் யாருக்கும் இதற்குப் பதில் தெரியாது.

இந்தப் படத்தை ஆபீஸில் ஏசி ரூமில் உட்கார்ந்து போட முடியாது. ஃப்ளெக்ஸின் பின்பக்கத்தையோ சார்ட் பேப்பரையோ சுருட்டிக்கொண்டு கிளம்புங்கள். ஒவ்வொருவர் இருக்கும் இடத்துக்கும் போய் நின்று கேளுங்கள். "வழக்கமாக எப்படி நடக்கும்?" என்று கேட்டால் எல்லாரும் ஒழுங்கான பதிலைத்தான் சொல்வார்கள். "அன்றைக்கு இது உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது? போனிலா, நேரிலா? அப்போது என்ன வேலையில் இருந்தீர்கள்? எங்கேயாவது குறித்துவைத்தீர்களா? அடுத்து யாரிடம் சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். முடிந்தால் போனை எடுத்து அன்றைய தேதிக்கு ஸ்க்ரோல் செய்து காட்டச் சொல்லுங்கள். சொல்வதற்கும் போனில் இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கும். யாரும் பொய் சொல்வதால் அல்ல, ஞாபகம் அப்படித்தான்.

போகும்போதே, இது யார் தப்பு என்று கண்டுபிடிக்க அல்ல என்று சொல்லிவிடுங்கள். எம்.டி.யும் அதை ஒருமுறை எல்லார் முன்னாலும் சொன்னால் நல்லது. இல்லாவிட்டால் மெர்ச்சண்டைசர் ஸ்க்ரீன்ஷாட்டுகளோடு தயாராக நிற்பார். வட்டங்களில் ஆட்களின் பெயர் போடாமல் வேலையின் பெயரை மட்டும் போடுங்கள். கட்டிங் மாஸ்டரின் ஸ்பெல்லிங் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது. ஆனால் ஒன்று: அவ்வளவு பெரிய சார்ட்டில் தன்னைத் தேடிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பென்சிலை முதலில் அவர் கையில் கொடுங்கள்.

உங்கள் கம்பெனியை நான் பார்த்ததில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியதை வைத்து, படம் எப்படி வரும் என்று ஊகிக்க முடிகிறது. குரூப்பில் மெசேஜ் போட்டதும் எல்லாருக்கும் சொல்லியாயிற்று என்று ஆகிவிட்டது. அந்த எல்லாரும் யார்? பேட்டர்ன் மாஸ்டர் பார்த்திருப்பார். பிரிண்ட் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் பேட்டர்ன் மாறாது, அவருக்கு அதில் வேலை இல்லை. கட்டிங் மாஸ்டருக்கும் இல்லை. தையல் லைன் சூப்பர்வைசருக்கும் இல்லை. எல்லாரும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்திருப்பார்கள், நியாயம்தான். அந்த அளவு வேண்டியிருந்த ஒரே இடம் பிரிண்டிங் டேபிள். அங்கே இருப்பவர் உங்கள் குரூப்பில் இருக்கிறாரா? இருந்தாலும், நாலைந்து கம்பெனிகளின் குரூப்புகளுக்கு நடுவே இந்த ஒரு வரி அவர் கண்ணில் பட்டதா? அவருக்கு நிச்சயமாகக் கிடைத்தவை இரண்டே. வேனில் வந்த கட் பீஸ், அதோடு வந்த டிசி என்கிற டெலிவரி சலான்.

அந்த டிசியை எடுத்துப் பாருங்கள். ஜிஎஸ்டி விதிப்படி ஜாப் ஒர்க்குக்குச் சரக்கு போகும்போது டெலிவரி சலான் போட்டாக வேண்டும். ஆகவே, யார் மறந்தாலும் இந்தத் தாள் சரக்கோடு போய்ச் சேரும். அதில் ஸ்டைல் நம்பர் இருக்கும், கலர் இருக்கும், சைஸ் வாரியாக பீஸ் கணக்கு இருக்கும். பிரிண்ட் எந்த அளவில் என்று இருக்காது. படத்தில் இதை வரைந்தால், வட்டத்துக்குள் "பீஸ் எண்ணிக்கை" என்று ஓர் அம்பு வரும், வெளியே "அச்சடித்த பீஸ்" போகும், அளவு எங்கிருந்து வந்தது என்பதற்கு அம்பே இருக்காது. டேட்டா ஃப்ளோ டயகிராம் போடுகிறவர்கள் இந்த மாதிரி இடங்களைத்தான் முதலில் தேடுவார்கள். உள்ளே எதுவும் வராமல் வெளியே மட்டும் போகிற வட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் "அதிசயம்". உள்ளே வந்து வெளியே எதுவும் போகாவிட்டால் "கருந்துளை". உங்கள் பிரிண்டிங் வட்டம் பாதி அதிசயம்; அந்த வாட்ஸ்அப் குரூப் சரியான கருந்துளை.

தீர்வு இங்கிருந்தே வந்துவிடும், பெரிய ஈஆர்பி சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். அளவுகள் எழுதிய ஸ்பெக் ஷீட்டுக்கு ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒரு எண், ஒரு தேதி. டிசியில் அந்த எண்ணை எழுத ஓரிடம். டிசியில் உள்ள எண்ணும் ஆணியில் தொங்கும் ஷீட்டின் எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் பிரிண்டிங் ஸ்க்ரீனைத் தொடுவதில்லை என்று யூனிட்காரரோடு ஒரு பேச்சு. புது ஷீட்டைக் கொடுக்கும்போதே பழைய ஸ்டிரைக் ஆஃபைத் திரும்ப வாங்கிவிடுங்கள். இதை டிரைவரிடமே ஒப்படைக்கலாம், அவர்தான் போகிறார்.

அப்புறம், உங்கள் படத்தில் எல்லா அம்புகளும் ஒரே பக்கமாகப் போகின்றனவா என்று பாருங்கள். பையர், மெர்ச்சண்டைசர், கட்டிங், பிரிண்டிங் என்று கீழே போவது மட்டும் இருந்தால் படம் முடியவில்லை என்று அர்த்தம். முதல் பீஸ் அடித்ததும் டேப் வைத்து ஒரு போட்டோ எடுத்து மெர்ச்சண்டைசருக்கு அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகு மீதியை ஓட்டுவது இந்தத் தொழிலில் புதிதல்ல. அவசர ஆர்டரில் முதலில் விட்டுப்போவதும் அதுதான். திரும்பி வருகிற அந்த அம்பு உங்கள் படத்தில் இருந்திருந்தால், நஷ்டம் ஒரு பீஸோடு போயிருக்கும்.

எம்.டி.க்குக் காட்ட இன்னொரு படம் போடுங்கள். டேட்டா ஃப்ளோ படத்தில் நேரம் தெரியாது. அதனால் நீச்சல்குளத்தில் தடம் பிரிப்பது போல, பையர், மெர்ச்சண்டைசர், கட்டிங், வேன், பிரிண்டிங் என்று ஆளுக்கு ஒரு பட்டை போட்டு, நேரத்தை இடமிருந்து வலமாக ஓட விடுங்கள். ஸ்விம்லேன் என்பார்கள். மெயில் எத்தனை மணிக்கு வந்தது, குரூப்பில் எப்போது போடப்பட்டது, வேன் எப்போது கிளம்பியது, ஸ்க்ரீன் எப்போது ஏறியது என்று புள்ளி வைத்தாலே போதும். வேன் கிளம்பிய பிறகுதான் மெசேஜே போயிருக்கிறது என்று தெரிந்தால், அது வேறு பிரச்சினை, வேறு தீர்வு.

"முழுக் கம்பெனிப் படம் எங்கே?" என்று அவர் கேட்கத்தான் செய்வார். நடுவில் கம்பெனி என்று ஒரு வட்டம், சுற்றிலும் பையர், நூல் மில், சாயப்பட்டறை, பிரிண்டிங், சரக்கு அனுப்பிவைக்கும் ஃபார்வர்டர், பேங்க் என்று சதுரங்கள், நடுவே அம்புகள். ஒரு மணி நேர வேலை, கொடுத்துவிடுங்கள்.

சாஃப்ட்வேர் கடைசி கவலை. டிரா.ஐஓ இலவசம், இந்த அளவு வேலைக்கு அது தாராளம். விசியோ லைசென்ஸ் கேட்டு எம்.டி.யிடம் போய் நிற்க வேண்டாம். ஆனால் பென்சில் படத்தில் எல்லாரும் அடித்துத் திருத்தி முடிக்கும் வரை கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். அழகாக பிரிண்ட் எடுத்த படத்தில் "இது தப்பு" என்று பேனா வைக்க ஒரு ஹெல்பருக்கோ செக்கிங் அக்காவுக்கோ கை வராது.

இது முடிந்ததும் லேப் டிப் (கலருக்காகச் சாயம் போட்டுக் காட்டும் மாதிரித் துணி) அப்ரூவலை எடுங்கள். பையரிடமிருந்து சாயப்பட்டறை வரை அந்த ஒரு "ஓகே" எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். அங்கே தப்பினால் போவது கட் பீஸ் அல்ல, மொத்தத் துணியும்.