எட்டு நிமிஷத்துக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்? (கேள்வி-பதில்)

இந்த முறை அமெரிக்காவிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாமே பழைய இரட்டை இன்ஜின் டர்போப்ராப் (டர்பைன் இன்ஜின் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் ரகம்) விமானம் வாங்குவது பற்றித்தான். வெட்டித்தான் போட்டிருக்கிறேன். ஒருவர் ஒன்பது பக்கம் எழுதியிருந்தார்.

கேள்வி: டெக்சஸில் மருத்துவராக இருக்கிறேன். இப்போது ஓட்டுவது பீச்கிராஃப்ட் பேரன் (மகள் வயிற்றுப் பேரன் அல்ல). வாரம் ஒருமுறை 400 கடல் மைல் போய்வர வேண்டும். கிங் ஏர் 200 வாங்கலாமா, செஸ்னா கான்குவெஸ்ட் 2 வாங்கலாமா? கான்குவெஸ்ட்தான் வேகம் என்கிறார்கள்.

பதில்: வேகம்தான். கிங் ஏர் சுமார் 270 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), கான்குவெஸ்ட் சுமார் 295 என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 மைலுக்கு முன்னது 89 நிமிஷம், பின்னது 81. மிச்சம் எட்டு நிமிஷம். இறங்கிய பிறகு வாடகைக் காருக்கு நிற்கும் நேரத்தில் அது போய்விடும்.

இந்த வேகப் பைத்தியம் எனக்குப் பிடிப்பதே இல்லை. விளம்பரத்தாளில் இருக்கும் எண், குறைந்த எடையில், புது இன்ஜினில், விமானத்துக்கு மிகவும் பிடித்த உயரத்தில் எடுத்தது. நீங்கள் வாங்கப்போவதோ நாற்பது வருஷம் பழையது. அதையே மேற்கோள் காட்டிச் சண்டை போடும் விமானிகளில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை: ஆகஸ்ட் மத்தியானம், 38 டிகிரி வெயில், முழு எடை, ஓடுபாதையை விட்டு எழுந்ததும் ஒரு இன்ஜின் போச்சு. மற்றொன்று நிமிஷத்துக்கு எத்தனை அடி ஏற்றும்? கையேட்டில் அதற்கென்றே ஒரு வரைபடம் இருக்கிறது. பென்சில் எடுத்துக் கோடு போட்டுப் பாருங்கள். இரண்டு விமானத்துக்கும் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

ஓட்டும் சுகம் என்றால், கிங் ஏர் கைக்குக் கனம், ஆனால் சாது. அதன் பிடி6 இன்ஜினில் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைன் தனி என்பதால், லீவரைத் தள்ளினால் ஒரு கணம் யோசித்துத்தான் இழுக்கும். கான்குவெஸ்டின் காரெட் இன்ஜினில் எல்லாம் ஒரே தண்டு. தள்ளிய உடனே இழுக்கும், எரிபொருளும் குறைவாகக் குடிக்கும். தரையில் நிற்கும்போது மட்டும் காதைக் கிழிக்கும். அதன் சிக்கனமெல்லாம் முப்பதாயிரம் அடிக்கு மேலேதான். 2005 ஜனவரியிலிருந்து ஆர்விஎஸ்எம் (உயரே விமானங்களை நெருக்கமாக அடுக்கிப் பறக்கவிடும் முறை) அனுமதி இல்லாத விமானத்தை 28,000 அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் பார்க்கும் விமானத்துக்கு அது இருக்கிறதா? கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள்.

கேள்வி: மிட்சுபிஷி எம்யூ-2 விமானம் மலிவாகக் கிடைக்கிறது. ஆளைக் கொல்லும் விமானம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: மற்ற விமானம் மாதிரி ஓட்டினால் கொல்லும். கிங் ஏர் 200-க்கு இறக்கைப் பரப்பு 28 சதுர மீட்டர். இதற்குப் பதினாறரைதான். இறக்கையின் பின் விளிம்பு முழுக்க ஃப்ளாப் (மெதுவாகப் பறக்கும்போது தூக்குவிசை கூட்ட இறக்கும் மடிப்பு). விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் வழக்கமான எய்லரானுக்கு இடம் இல்லாததால், சாய்ப்பதற்கு இறக்கைக்கு மேலே எழும்பும் ஸ்பாய்லர் தகடு. இன்ஜின் ஒன்று போனதும் பழக்கதோஷத்தில் வீலை முழுக்கத் திருப்பினால் ஸ்பாய்லர் எழும்பி, இருக்கிற தூக்குவிசையையும் தின்றுவிடும். 2008-இல் அமெரிக்க விமானத் துறை இதற்கென்றே தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு விபத்துகள் நன்றாகக் குறைந்தன. பயிற்சிச் செலவையும் சேர்த்துக் கூட்டிவிட்டு 'மலிவு' என்று சொல்லுங்கள்.

கேள்வி: விற்பவரின் மெக்கானிக்கே சோதித்து 'எல்லாம் சரி' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். போதாதா?

பதில்: மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளையின் அம்மாவிடமே விசாரித்த கதை. நானும் இதைச் செய்தவன்தான். நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு பழைய கிங் ஏர் சி90 வாங்கினோம். புதுப் பெயின்ட், புதுத் தோல் இருக்கை. நான்காம் மாதம் இன்ஜினின் சூட்டுப் பகுதியைத் திறந்தால், டர்பைன் இதழ்களின் நுனி எரிந்த தீக்குச்சி மாதிரி இருந்தது. யாரோ சோர்ந்த பேட்டரியில் ஸ்டார்ட் போட்டு வேகவைத்திருக்கிறார்கள். லாக்புக்கில் ஒரு வரி இல்லை. போரோஸ்கோப்பை (இன்ஜினைப் பிரிக்காமல் உள்ளே பார்க்கும் குழாய்க் கருவி) உள்ளே விட்டிருந்தால் வாங்கும் முன்பே தெரிந்திருக்கும். நான் இருக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: தரகரிடம் முன்பணம் கட்டினோம். பிறகுதான் தெரிந்தது, பழைய ரிப்பேர் பாக்கிக்காக ஒரு பட்டறை அந்த விமானத்தின் மேல் வில்லங்கம் பதிந்திருக்கிறது. தரகருக்கு இது முன்பே தெரியும். இப்போது 'ரத்துக் கட்டணம்' பிடித்துக்கொண்டுதான் தருவேன் என்கிறார். என் மனைவியும் நானும் ஓய்வுப் பணத்தைப் போட்டிருக்கிறோம்.

பதில்: முதலில், தப்பு உங்கள் மேல் இல்லை. தெரிந்தே மறைத்தவர் அவர். அவர் அனுப்பும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மின்னஞ்சல், குறுஞ்செய்தி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். விமான வழக்குகள் பார்க்கும் வக்கீல் ஒருவரை வைத்து, முழுத் தொகையும் கேட்டுக் கடிதம் அனுப்புங்கள். மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவிலும் புகார் கொடுங்கள். விமானத் தரகு செய்ய அமெரிக்காவில் மத்திய அரசின் உரிமம் எதுவும் வேண்டியதில்லை என்பது எனக்குத் தீராத வயிற்றெரிச்சல். மற்றவர்களுக்கு: ஒக்லஹோமா சிட்டியில் இருக்கும் விமானப் பதிவேட்டில் வில்லங்கம் பாருங்கள், பணத்தை எஸ்க்ரோவில் (விற்பனை முடியும்வரை மூன்றாம் நபர் வைத்திருக்கும் கணக்கு) மட்டும் போடுங்கள். கடிதம் போன பிறகு என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள் ஐயா.

கேள்வி: கிங் ஏர் 350-க்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்துக்கென்றே விமானி வாங்கும் தனித் தகுதி) வேண்டுமா?

பதில்: வேண்டும். 5,670 கிலோவைத் தாண்டிய விமானம். கொடுத்துவிட்டுக் கேட்கிறீர்கள் பாருங்கள்.

கேள்வி: பியாஜியோ அவான்டி 400 நாட் போகுமாமே? உள்ளே சத்தமே இல்லையாம்.

பதில்: போகும். ப்ரொப்பெல்லர் பின்னால் இருப்பதால் உள்ளே அமைதிதான், காதைப் பொத்துவது வெளியே நிற்பவர்கள். உங்கள் ஊரிலிருந்து அதைப் பழுது பார்க்கத் தெரிந்த பட்டறை எத்தனை மைல்?