கரன்ட் போனால் வென்டிலேட்டர் நின்றுவிடுமா?

கேள்வி: அப்பா ஐ.சி.யூ.வில் இருந்தபோது கரன்ட் போய், சில நொடி வார்டே இருட்டாகிவிட்டது. ஜெனரேட்டர் இருந்தும் ஏன்? வென்டிலேட்டர் நின்றிருக்குமோ என்று இன்னும் பதறுகிறேன்.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நின்றிருக்காதும்மா. ஐ.சி.யூ. வென்டிலேட்டருக்குள் பொதுவாக பேட்டரி உண்டு, யூ.பி.எஸ்ஸும் கைகொடுக்கும். டீசல் இன்ஜின் வேகம் பிடித்து, வோல்டேஜ் நிலைத்த பிறகுதான் லோடு, அதாவது வார்டின் விளக்கு, கருவிகளுக்கான மின்சாரத் தேவை, அதற்கு மாறும். அந்தச் சில நொடிதான் நீங்கள் பார்த்த இருட்டு.

26 வருடம் ஒரு மருத்துவமனையில் ஜெனரேட்டர் பார்த்தவன் நான். ஒருமுறை வாராந்திரச் சோதனையில் இன்ஜின் கிளம்பவே இல்லை. ஸ்டார்ட்டர் பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தது, அவ்வளவுதான். நிஜமாகவே கரன்ட் போன நேரமாக இருந்திருந்தால்? அன்றிலிருந்து டியூட்டிக்கு வந்ததும் முதலில் அந்த முனையைத்தான் பார்ப்பேன்.

2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13-வது மாடியில் பத்திரமாக இருந்தன. டீசல் பம்ப்புகள் அடித்தளத்தில் மூழ்கிப்போயின. ஊழியர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று, டீசலைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும். உங்கள் ஊர் மருத்துவமனையில் பம்ப் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள்.