ஜெயித்துத் தொலைத்த மூன்று ஆட்டங்கள்

பேஸ்பால் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணா, நாங்கள் சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் இருக்கிறோம். குடும்பத்தோடு சிகாகோவின் ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் கட்சி. 2024-ல் எங்கள் அணி 121 ஆட்டம் தோற்றுச் சந்தி சிரித்தது உங்களுக்குத் தெரியும். அந்த செப்டம்பர் கடைசியில் ஏஞ்சல்ஸ் அணியை வரிசையாக மூன்று ஆட்டம் ஜெயித்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் குதித்தோம். ஒன்பதாவது படிக்கும் பையன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். “இப்பப் போய் ஜெயிக்கிறாங்களே, டிராஃப்ட்ல பின்னாடி போயிடுவோம்மா” என்கிறான். இன்னும் சண்டை ஓயவில்லை. அணிகள் வரிசையாகப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அந்த டிராஃப்டில், கடைசியில் நிற்பவருக்குத்தான் முதலில் எடுக்கும் உரிமை என்றால், அவன் சொல்வதும் நியாயம்தானோ?

பதில்: முதலில் பையனிடம் இதைச் சொல்லுங்கள், பாதிக் கோபம் இறங்கிவிடும். அந்த மூன்றையும் தோற்றிருந்தாலும் உங்களுக்கு முதல் இடம் கிடைத்திருக்காது. ஏன், சீசனின் 162 ஆட்டத்தையும் தோற்றிருந்தாலும் பத்தாவது இடம்தான்.

கடைசி அணிக்கு முதல் ஆள் என்பது பழைய கணக்கு. 2023 டிராஃப்டிலிருந்து குலுக்கல். பிளே-ஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான கடைசிக் கட்ட ஆட்டங்களுக்கு, போகாத 18 அணிகளை வைத்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்குகிறார்கள். அடிமட்டத்து மூன்று அணிகளுக்கும் ஒரே வாய்ப்பு, ஆளுக்கு 16.5 சதவீதம். இதில் உங்களைப் போன்ற பெரிய ஊர் அணிகளுக்குத் தனிக் கடிவாளம்: ஒரு வருஷம் குலுக்கலில் இடம் கிடைத்தால் அடுத்த வருஷம் கிடையாது, பத்துக்கு மேலே ஏறவே முடியாது. 2024-ல் உங்கள் ஆட்கள் ஐந்தாவதாக ஹேகன் ஸ்மித்தை எடுத்தார்களே, கதை அங்கேயே முடிந்தது. 2025 ஜூலையில் பத்தாவதாகத்தான் பில்லி கார்ல்சனை எடுக்க முடிந்தது. 2024 டிராஃப்டுக்கான குலுக்கலில் கிளீவ்லண்ட் 76 ஆட்டம் ஜெயித்துவிட்டு, 2 சதவீத வாய்ப்பில் முதல் இடத்தை அள்ளிக்கொண்டு போனது. இதை நம்பியா தோற்பது?

ஆனால் பையனை ஒரேயடியாக மட்டம் தட்ட மாட்டேன். நானும் அந்த வியாதியில் படுத்தவன்தான். சியாட்டலில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குப்பை கொட்டுகிறேன். எங்கள் மரினர்ஸ் 2008-ல் 101 ஆட்டம் தோற்றது. குலுக்கல் இல்லாத காலம். அடுத்த வருஷ டிராஃப்டில் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற சான் டியேகோ கல்லூரிப் பையன் வரப்போகிறான், பந்து நூறு மைல் வேகத்தில் வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அவனுக்கு எங்களுக்கும் வாஷிங்டனுக்கும் போட்டி. யார் அதிகம் தோற்பது என்ற போட்டி!

கடைசியாக ஓக்லண்டோடு மூன்று ஆட்டம், சியாட்டலில். அதில் இரண்டைத் தோற்றிருந்தால் போதும், ஸ்ட்ராஸ்பர்க் எங்களுக்கு. வெள்ளி ஜெயித்தார்கள். சனி ஜெயித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர் ஒருவரோடு போனேன், மதுரைக்காரர். மனிதர் எங்கள் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. மற்ற ஊர் ஸ்கோர் காட்டும் பலகையில் ஃபிலடெல்பியா வரியையே வெறித்துக்கொண்டிருந்தார். அங்கே வாஷிங்டன் ஜெயித்து, இங்கே நாங்கள் தோற்றால் இன்னும் வழி உண்டு என்று டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். வாஷிங்டன் தோற்றது. மடியில் இருந்த பூண்டு வறுவலை அப்படியே என்னிடம் நீட்டிவிட்டார். பக்கத்து வரிசையில் ஒரு தாத்தா எங்கள் அணியின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எழுந்து நின்று கைதட்டினார், அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமோ தெரியாதோ. மூன்றாவதையும் ஜெயித்தோம். எங்களுக்கு 61 வெற்றி, வாஷிங்டனுக்கு 59. ஸ்ட்ராஸ்பர்க் போயே போய்விட்டார். இரண்டாவதாக டஸ்டின் ஆக்லியை எடுத்தோம். நல்ல பையன், முதல் வருஷம் நன்றாக ஆடினார், அப்புறம் மங்கி, 2015-ல் யாங்கீஸுக்குப் போய்விட்டார்.

பையன் சொன்னது சரியாகிவிட்டதே என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஸ்ட்ராஸ்பர்க் 2010 ஜூனில் முதல் ஆட்டத்திலேயே 14 பேரைப் பந்தை அடிக்கவே விடாமல் அவுட்டாக்கினார் (ஸ்டிரைக்-அவுட்). ஆகஸ்டில் முழங்கை போயிற்று, அறுவை சிகிச்சை. வாஷிங்டனுக்குக் கோப்பை வந்தது 2019-ல்தான், அந்த வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் அவரே, மறுக்கவில்லை. கையோடு 24 கோடியே 50 லட்சம் டாலருக்கு ஏழு வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். அதன் பிறகு ஆடியது மொத்தம் எட்டு ஆட்டம். இனி வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்: அதே 2009 டிராஃப்டில் 25-வதாகப் போனவர் மைக் டிரௌட். மூன்று முறை எம்.வி.பி., அதாவது லீகின் சிறந்த வீரர், ஆனவர். அவரை எடுத்த ஏஞ்சல்ஸே 24-வது இடத்தில் வேறொருவரை எடுத்த பிறகுதான் அவர் பக்கம் திரும்பினார்கள். ஆக நாங்கள் இழந்தது முதல் இடத்தை அல்ல, நல்ல கண்ணை. போகட்டும், டிரௌட்டை வைத்துக்கொண்டும் ஏஞ்சல்ஸ் இதுவரை ஒரு பிளே-ஆஃப் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. பேஸ்பாலில் ஒரு ஆளால் தேரை இழுக்க முடியாது.

இன்னொன்று, பையனுக்கு இது பிடிக்கும். அந்த மூன்று ஆட்டத்தையும் ஜெயித்துக் கொடுத்த களத்தில் அணியை நடத்தும் எங்கள் இடைக்கால மேலாளர் ஜிம் ரிகில்மன். அவர் ஏன் தோற்க வேண்டும்? வேலை நிரந்தரமாகுமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர். நிரந்தரமாகவில்லை. பிறகு எங்கே போனார் தெரியுமா? வாஷிங்டனுக்கு. ஸ்ட்ராஸ்பர்க் முதல் பந்தை வீசிய அன்று அங்கே மேலாளர் அவர்தான்.

ஆடுகிறவர்களும் அப்படியே. செப்டம்பரில் மட்டையோடு நிற்பவனுக்கு அடுத்த வருஷச் சம்பளம் கண்ணில் தெரிகிறது. தோற்று வாங்கும் புதுப் பையன் பிடிக்கப்போவது இவன் இடத்தைத்தான். தன் குழியைத் தானே வெட்டுவானா? தோற்பதற்குத் திட்டம் போடுவது மேலே அலுவலகத்தில், அதுவும் ஏப்ரலுக்கு முன்பே, நல்ல ஆட்களை விற்று.

பையன் ஹூஸ்டனைக் காட்டுவான். காட்டட்டும். ஆஸ்ட்ரோஸ் 2011 முதல் 2013 வரை 106, 107, 111 என்று தோற்றார்கள், 2017-ல் கோப்பை. (அந்தக் கோப்பையில் எதிரணியின் சைகைகளைத் திருடிப் படித்த கறை உண்டு, அது தனி வழக்கு.) முதல் இடத்தில் எடுத்தவர்களைப் பாருங்கள். 2012-ல் கார்லோஸ் கொரியா, அருமை. 2013-ல் மார்க் ஆப்பெல், ஹூஸ்டனுக்காக ஒரு ஆட்டமும் ஆடவில்லை. 2014-ல் எடுத்தவர் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. அதற்கு ஈடாக மறுவருஷம் கிடைத்த இடத்தில் வந்தவர் பிரெக்மன், அது அதிர்ஷ்டம். அந்த அணியின் உயிரான ஆல்டூவேயோ டிராஃப்டிலேயே இல்லை, வெனிசுவேலாவிலிருந்து 15,000 டாலருக்கு வந்தவர். தோற்றது மட்டும் அவர்களைத் தூக்கிவிடவில்லை.

என் தீர்ப்பு, கேட்டதற்காக: நீங்களும் வீட்டுக்காரரும் குதித்தது சரி. பையனுக்கு டிராஃப்ட் மேல் ஆசை என்றால் ஜூலையில் பத்தாவது இடத்திலிருந்து கீழே கண் வைக்கச் சொல்லுங்கள், சுவாரசியம் அங்கேதான்.

கேள்வி: முதலாவதாக எடுக்கப்பட்டவர்களுக்கும் கடைசியில் எடுக்கப்பட்டவர்களுக்கும் அவ்வளவு வித்தியாசமா?

பதில்: இருக்கிறது, சராசரியாகப் பார்த்தால். ஆனால் 2016-ல் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் ஒன்றாக நுழைந்த இருவரைப் பாருங்கள். கென் கிரிஃபி ஜூனியர், 1987-ன் முதல் ஆள். மைக் பியாசா, 1988-ல் 62-வது சுற்றில் 1,390-வது ஆள், அதுவும் குடும்ப நண்பர் டாம் லசோர்டாவுக்காகப் பெயரளவில் எடுத்தது.

கிரிஃபி எங்களுக்குக் கிடைத்ததும் ஒரு வேடிக்கை. 1986-ல் எங்களைவிட மோசமாகத் தோற்றது பிட்ஸ்பர்க், 98 ஆட்டம். நாங்கள் 95. அப்போது அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு லீகுகளுக்கும் வருஷம் மாற்றி வருஷம் முதல் இடம். 1987-ல் எங்கள் லீகின் முறை. மூன்று ஆட்டம் அதிகமாகத் தோற்ற பிட்ஸ்பர்க்குக்கு இரண்டாவது இடம்.

கேள்வி: 2008-ல் முகம் சுளித்த அந்த நண்பர் இன்னும் மரினர்ஸ் ரசிகரா? (இது என் வீட்டிலிருந்தே வந்த கேள்வி. கேட்டவர் பெயரைச் சொன்னால் இரவுச் சாப்பாடு கிடைக்காது.)

பதில்: இருக்கிறார். 2022 செப்டம்பர் 30, எதிரே மறுபடி அதே ஓக்லண்ட். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், கால் ராலே அடித்த ஹோம் ரன்னில் 21 வருஷம் கழித்து எங்கள் அணி பிளே-ஆஃபுக்குப் போனது. உடனே போன் வந்தது. ஐந்து நிமிஷம் கத்தினார், நானும் கத்தினேன். மூச்சு வாங்கியதும் கேட்டார், “ஏம்ப்பா, இந்த ராலே எந்த இடத்துல எடுத்த ஆளு?”

“மூணாவது சுற்று,” என்றேன். “தொண்ணூறாவது ஆளு.”

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “அந்தப் பூண்டு வறுவலை நான் உன்கிட்ட கொடுத்திருக்கக் கூடாது” என்றார்.