கேன் தீர்ந்ததா? பட்டனை அமுக்குங்கள்

தண்டையார்பேட்டை வாசகி: பகலில் மாமியார் தனியாக இருக்கிறார். தண்ணீர் கேன் தீர்ந்தால் போனில் நம்பர் தேட அவருக்குக் கண் ஒத்துழைப்பதில்லை. அமுக்கினால் கேன்காரருக்குத் தகவல் போகிற பட்டனை நாமே செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. இஎஸ்பி8266 சிப் உள்ள நோட்எம்சியு போர்டு (வைஃபை உள்ள, புரோகிராம் ஏற்றக்கூடிய சிறு போர்டு), பெரிய தலையுள்ள பட்டன், பச்சை, சிவப்பு எல்இடி ஒவ்வொன்று, 330 ஓம் ரெசிஸ்டர் 2, பழைய போன் சார்ஜர் போதும். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெருவுக்கு நடந்தே போய் எல்லாம் வாங்கிவிடலாம். கேபிள் மட்டும் டேட்டா போகிறதா என்று கேட்டு வாங்குங்கள். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளில் போர்டைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது.

பட்டனை போர்டின் டி2 காலுக்கும் ஜிஎன்டி (கிரவுண்ட்) காலுக்கும் நடுவே கொடுத்து, புரோகிராமில் உள் புல்-அப் (அமுக்காதபோது காலை ‘ஆன்’ நிலையில் பிடித்து வைக்கும் அமைப்பு) போடுங்கள். நான்கு கால் பட்டனில் இரண்டிரண்டு கால் உள்ளேயே சேர்ந்திருக்கும். எதிரெதிர் மூலைக் கால்களை எடுத்தால் தப்பாது. டி3-இல் பட்டனை வைக்காதீர்கள். கரண்ட் வரும் நொடியில் அது அமுங்கியிருந்தால் போர்டு உங்கள் புரோகிராமை ஓட்டாமல், புதிது ஏற்றக் காத்து நிற்கும். எல்இடிகள் டி5, டி6-இல், ரெசிஸ்டர் வழியாக.

தகவலுக்கு டெலிகிராம் எளிது. டெலிகிராமின் பாட்ஃபாதர் கணக்கில் ஒரு பாட் (புரோகிராம் இயக்கும் கணக்கு) உருவாக்கி அதன் டோக்கன் (ரகசியச் சாவி) வாங்குங்கள். பாட் தானாக யாரிடமும் முதலில் பேசாது. கேன்காரர் ஒருமுறை ‘ஸ்டார்ட்’ தட்ட வேண்டும். அதைவிட நீங்களும் அவரும் பாட்டும் இருக்கும் குரூப் நல்லது, போனதும் வந்ததும் உங்களுக்கும் தெரியும். புரோகிராமில் எழுதும் குரூப் எண்ணின் முன்னால் உள்ள மைனஸ் குறியை விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. இன்னொன்று, போர்டு எழுந்ததும் தேதியை 1970 என்றே நினைக்கும். என்டிபி-யில் (இணையத்தில் சரியான நேரம் தரும் சேவை) நேரம் வாங்கிய பிறகே டெலிகிராமின் சான்றிதழைச் சரிபார்க்க விடுங்கள், இல்லாவிட்டால் இணைப்பு மறுக்கப்படும். இந்த போர்டு பிடிக்கும் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே. ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வையுங்கள்.

விளக்கில்தான் முழுக் கவனமும் வேண்டும். அமுக்கியதும் பச்சை மினுக்க வேண்டும். டெலிகிராமிலிருந்து ‘200’ (செய்தி சேர்ந்தது என்ற குறியீடு) பதில் வந்த பிறகே 10 விநாடி நின்று எரிய வேண்டும். வராவிட்டால் சிவப்பு. ரவுட்டர் மட்டும் அணைந்திருந்தாலும் சிவப்புதான். எதுவுமே எரியாவிட்டால் பெரியவர்கள் மறுபடி அமுக்குவார்கள், மாடிப்படியில் மூன்று கேன் நிற்கும். ஒருமுறை போய்ச் சேர்ந்ததும் 2 மணி நேரத்துக்கு மறு அமுக்கைப் புரோகிராம் பொருட்படுத்தக் கூடாது.

பணத்தை இதில் சேர்க்காதீர்கள். அமேசான் 2015-இல் விட்ட டேஷ் பட்டன் நேராக ஆர்டரே போட்டது. அமுக்கும்போது விலை தெரியவில்லை என்று மியூனிக் நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதைச் சட்டத்துக்குப் புறம்பானது என்றது. அந்த ஆண்டே பட்டன் நின்றுபோனது. கேன்காரர் செய்தியைப் பார்த்து ‘சரி’ போடட்டும், காசு கையில் போகட்டும்.

வியாசர்பாடி வாசகர்: இதே பட்டனை 2500 எம்ஏஎச் லித்தியம் செல்லில் ஓட்டினேன். இரண்டு நாள் தாங்கவில்லை. செல் மட்டமா?

பதில்: செல் மேல் பழி வேண்டாம். வைஃபை விழித்தே இருந்தால் சுமார் 70 மில்லிஆம்ப் இழுக்கும், கணக்குப்படி ஒன்றரை நாள். டீப் ஸ்லீப்பில் (வைஃபையை அணைத்து ஆழ்ந்து உறங்கும் நிலை) சிப்புக்கு 20 மைக்ரோஆம்ப் போதும். ஆனால் நோட்எம்சியு-வின் ரெகுலேட்டரும் (வோல்ட்டேஜைக் குறைக்கும் பாகம்) யுஎஸ்பி சிப்பும் அப்போதும் மில்லிஆம்ப் கணக்கில் தின்னும். வெறும் இஎஸ்பி-12எஃப் மாட்யூலை 3.2 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லில் நேராக இணையுங்கள். சார்ஜரிலிருந்து எடுத்த செல் 3.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதா என்று மீட்டரில் பார்த்த பிறகே மாட்டுங்கள். வைஃபை எழும்போது சில நூறு மில்லிஆம்ப் ஒரு தடவை குதிக்கும். சப்ளை கால்களுக்குக் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். டீப் ஸ்லீப்பிலிருந்து எழுப்ப, பட்டனை டி2-விலிருந்து ரீசெட் காலுக்கு மாற்றுங்கள். அதனால் ஒவ்வொரு அமுக்கும் போர்டை முதலிலிருந்து தொடங்கும். 2 மணி நேரக் கணக்கு தவறாமலிருக்க, கடைசியாக அனுப்பிய நேரத்தை ஆர்டிசி மெமரியில் (ரீசெட்டிலும் அழியாத சிறு நினைவகம்) எழுதிவைத்து, புதிதாக வாங்கிய நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

காசிமேடு வாசகி: இந்தப் பட்டனில் ஆறே மாதத்தில் சால்டரிங் பச்சை பூத்துவிட்டது.

பதில்: உப்புக் காற்று. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் தேய்த்து, காய்ந்த பிறகு இணைப்புகள் மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு. பட்டனுக்குள் ஒழுகவிடாதீர்கள், பிறகு எவ்வளவு அமுக்கினாலும் தொடாது.