எல்எஸ்டி-325 சண்டையே போடாத சரக்குக் கப்பல்தானே? அதை ஏன் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கடற்படைக்காரன் இல்லை. 31 வருடம் வணிகக் கப்பல்களில், பெரும்பாலும் இன்ஜின் ரூமில் இருந்தவன். "போர்க்கப்பலைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்க வருபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அமெரிக்காவுக்குக் கொடி பிடிக்கவும் வரவில்லை. உங்கள் கேள்வியில் இருக்கும் அந்த "தானே"தான் என்னை எழுத வைத்தது.

நீங்கள் பீரங்கியின் அளவை வைத்துக் கப்பலை எடைபோடுகிறவர் என்று நினைக்கிறேன். இளம் வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

2019-ல் மகள் வீட்டுக்கு இண்டியானா போயிருந்தபோது, எவன்ஸ்வில் நகரில் ஒஹையோ ஆற்றோரம் நிற்கும் இந்தக் கப்பலைப் பார்க்கப் போனோம். எல்எஸ்டி என்றால் டாங்கிகளை நேராகக் கடற்கரையில் இறக்கும் கப்பல். 100 மீட்டர் நீளம், முன்னால் இரண்டு பெரிய கதவுகள். நான் மரைன் இன்ஜினியர் என்று தெரிந்ததும் அங்கிருந்த வயதான தன்னார்வலர் ஒருவர் கீழே கூட்டிப் போனார். இரண்டு ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) 12-567 டீசல் இன்ஜின்கள், ஒவ்வொன்றும் 900 குதிரைத்திறன். இதே குடும்பத்து இன்ஜின்கள்தான் அமெரிக்க ரயில்களையும் இழுத்தன. கப்பல் முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்கு 12 கடல் மைல்தான். அந்த வேகத்தில் எதிரி விமானத்திடமிருந்து தப்பி ஓட முடியாது. தெரிந்தேதான் போனார்கள்.

எங்கள் தொழிலில் கப்பல் தரைதட்டினால் விசாரணை வரும், கேப்டன் வேலையே போகலாம். இந்தக் கப்பலுக்கோ தரைதட்டுவதுதான் வேலை. நடுக்கடலில் பேலஸ்ட் தொட்டிகளில் தண்ணீரை நிரப்பி ஆழமாக மிதக்கும். கரை நெருங்கும்போது தண்ணீரை வெளியேற்றினால் முன்பக்கம் நாலடித் தண்ணீரே போதும். மணலில் ஏறுவதற்கு முன்பே பின்னாலிருந்து ஒரு நங்கூரத்தைப் போட்டுவிடுவார்கள். கதவைத் திறந்து டாங்கிகளை இறக்கியதும், அந்த நங்கூர வடத்தையே வின்ச்சில் சுற்றி, தன்னைத் தானே பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். இதைக் கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான்: இன்ஜினைக் குளிர்விக்கக் கடலிலிருந்து இழுக்கும் தண்ணீரோடு மணலும் வருமே, கீழே இருந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

இப்படி 1,051 கப்பல்கள் கட்டினார்கள், எவன்ஸ்வில் தளத்தில் மட்டும் 167. 325 அங்கே பிறந்தது இல்லை, 1942-ல் பிலடெல்பியாவில் கட்டியது. இரண்டாம் உலகப் போரில் படைகள் கரையிறங்கிய இத்தாலியின் சிசிலி, சலெர்னோ, அப்புறம் பிரான்ஸின் நார்மண்டி எல்லாவற்றுக்கும் போனது. நார்மண்டியில் 1944 ஜூன் 7 அன்று ஒமாஹா கடற்கரைக்குப் போனது. திரும்பும்போது 38 காயம்பட்டவர்களை ஏற்றி வந்தது. அடுத்த ஒன்பது மாதத்தில் 40 தடவைக்கு மேல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்திருக்கிறது. கரையில் நிற்கும் படைக்குச் சோறும் குண்டும் வண்டியும் யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?

போருக்குப் பிறகும் ஓயவில்லை. 1950-களில் கிரீன்லாந்துப் பக்கம் ராடார் நிலையங்கள் கட்ட உதவியது. 1964-ல் கிரேக்கக் கடற்படைக்குப் போய், சீரோஸ் என்ற பெயரில் 1999 வரை உழைத்தது. 2000-ல் சராசரி வயது 72 உள்ள பழைய அமெரிக்கக் கடற்படைக்காரர்கள் கப்பல் நின்றிருந்த கிரேக்கத்தின் கிரீட் தீவுக்குப் போய், துருவை உரித்து, இன்ஜினைச் சரிசெய்து, அட்லாண்டிக்கைக் கடந்து 2001 ஜனவரி 10 அன்று அலபாமாவின் மொபீல் துறைமுகத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஏறத்தாழ 6,500 மைல். எனக்கு இப்போது 63. அந்தச் சூட்டில் இன்ஜின் ரூமில் ஒரு வாட்ச், அதாவது ஒரு ஷிஃப்ட், நிற்பதென்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். ஒருமுறை ஆற்றோர டெர்மினல் ஒன்றில் ஒன்பது நாள் கட்டியிருந்தோம். விசா கையில் இருந்தது. ஆனால் டெர்மினலுக்குள் நடக்கக் கூடாது, அவர்கள் சொல்லும் வண்டியில்தான் போக வேண்டும், அதற்கு அவர்கள் கேட்ட காசு எங்கள் ஜூனியர் பையன்களின் இரண்டு நாள் சம்பளம். யாரும் இறங்கவில்லை. வேலியிலிருந்து அரை மைலில் கடைத்தெரு தெரிந்தது. ஒரு பையனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது, ஒரு பொம்மை வாங்க ஆசைப்பட்டான். உலகத்துக்கே சரக்கு கொண்டுவருகிறவன் கரையில் கால் வைக்கக் கூடாது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. "சரக்குக் கப்பல்தானே" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பையன் முகம்தான் வருகிறது.

சரி, சண்டை போடவில்லை என்றீர்கள். கப்பலில் பீரங்கிகள் இருந்தன, விமானத் தாக்குதல்களையும் சந்தித்திருக்கிறது. ஆனால் என் பதில் அதுவல்ல, இதுதான். 1944 டிசம்பர் 28 அன்று, எம்பயர் ஜாவலின் என்ற துருப்புக் கப்பல் பிரான்ஸை நோக்கிப் போகும்போது வெடிப்பில் சிக்கி மூழ்கியது. அன்று எல்எஸ்டி-325 உதவிக்குப் போய் ஏறத்தாழ 700 பேரைக் காப்பாற்றி ஏற்றிக்கொண்டது.