டிஎன்ஏவை வைத்துத் தங்கத் துகள்களைத் தானாகச் சேர வைக்கிறார்களாமே, எஸ்டேட் பிள்ளைக்கு இந்தப் படிப்பெல்லாம் எதற்கு?

கேள்வியின் பின்பாதிதான் சுருக்கென்றது. உங்கள் வீட்டிலும் ஒரு மாமா, "டிஎன்ஏன்னா யாரு அப்பன்னு பாக்குறதுதானே?" என்று கேட்டிருப்பார். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் தீமிதி அன்று, சாப்பாட்டு இலைக்கு முன்னால் வைத்து என்னைக் கேட்டார்கள்.

விஷயம் இதுதான். 1996இல் அமெரிக்காவில் மிர்கின், லெட்சிங்கர் என்ற வேதியியலாளர்களின் குழுவினர் 13 நானோமீட்டர் தங்கத் துகள்களில் கந்தக முனை வைத்த டிஎன்ஏ இழைகளை ஒட்டினார்கள். பாதித் துகள்களுக்கு ஓர் இழை, மீதிக்கு வேறொன்று. இரண்டுக்கும் ஜோடி பொருந்தும் முனைகள் கொண்ட இரட்டை இழை டிஎன்ஏவைப் போட்டதும் துகள்கள் கூடின. சிவப்புக் கரைசல் ஊதாவானது. சூடாக்கினால் பிரிந்து மறுபடி சிவப்பு. 2008இல் இதே வழியில் துகள்களைப் படிகமாகவே அடுக்கிக் காட்டினார்கள்.

நான் முதுகலையில் இதைச் செய்தபோது அவசரக்குடுக்கை. டிஎன்ஏவும் எதிர்மின்னூட்டம், தங்கத் துகளும் அப்படியே. ஒன்றையொன்று தள்ளாமலிருக்க உப்பு வேண்டும். அதைச் சொட்டுச் சொட்டாக, நாள் கணக்கில் சேர்க்க வேண்டும். நான் ஒரே மூச்சில் ஊற்றினேன். நீலமானது. ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன். வெந்நீரில் வைத்தால் சிவப்பு திரும்பவே இல்லை. அடியில் கருப்பாக மண்டிதான்.

இரவு அம்மாவிடம் போனில் அழுதேன். இருபது வருஷம் கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டியவர். "ஆசிட்ட கூட ஊத்திட்டியாம்மா? கட்டுன பாலு திரும்பப் பாலாவுமா?" என்றார். அதேதான். கித்தாப் பாலிலும் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன; ஃபார்மிக் ஆசிட் விழுந்ததும் கண்டபடி ஒட்டிக்கொள்கின்றன. (வேதியியல்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை.) அடுத்த முறை இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். சூட்டில் சிவப்பு திரும்பியது. வீடியோ காலில் காட்டினேன். "இதுல தங்கம் எங்கடி இருக்கு?" என்றார்.

எனக்குக் கஷ்டம் கொடுத்தது பாடமல்ல, உதவித்தொகைப் பாரம். பெற்றோரின் சம்பளச் சீட்டு கேட்டார்கள். கான்ட்ராக்டில் வெட்டும் அம்மாவுக்கு யார் சீட்டு கொடுத்தது? மூன்று முறை பஸ் ஏறினேன், மூன்று முறையும் "இது செல்லாது". அந்தக் கவுண்டரில் இருந்தவரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

எஸ்பிஎம்மில் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வில்) வேதியியலை விட்டுவிடாதீர்கள். சம்பளச் சீட்டுக்கு இப்போதே அலையத் தொடங்குங்கள்.