இம்பெல்லர் புதுசு, ஆனாலும் தண்ணீர் நூலாகத்தான் வருது

படகுக்குப் பின்னால மாட்டுற அவுட்போர்டு மோட்டார்ல இம்பெல்லரை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரைத் தள்ளுற பம்புக்குள்ள சுத்துற ரப்பர் சக்கரத்தை, மாத்தியும் தண்ணீர் சரியா வரலைன்னு கேட்டிருக்கீங்க. மறுபடி அதை மாத்தாதீங்க. புதுசு போட்டும் பம்பு வேலை செய்யுதுன்னு காட்டத் தண்ணீர் பீய்ச்சுற பின்பக்கத் துளையில தண்ணீர் நூல் மாதிரிதான் வருதுன்னா, முதல்ல அந்தத் துளையையே சந்தேகப்படுங்க. காவேரிப்பாக்கம் ஏரியில ஓட்டுறதா எழுதியிருக்கீங்க. தண்ணீர் வத்தின மாசத்துல கரையோரமா போனா சேறு கலங்கி உள்ள ஏறிடும்.

எஞ்சினை நிறுத்திட்டு, சைக்கிள் பிரேக் கம்பியில ஓர் இழையை எடுத்துத் துளைக்குள்ள விட்டு மெல்லக் குத்துங்க. திரும்ப ஓட்டும்போது பலமா பீய்ச்சினா வேலை முடிஞ்சது.

வரலையா? கழற்றின பழைய இம்பெல்லரைத் தூக்கிப் போடலையே? அதோட இறக்கைகளை எண்ணிப் பாருங்க. ஒரு துண்டு குறைஞ்சாலும் அது பம்புக்கு மேல குழாயிலயோ, தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை விடுற வால்வு) பக்கமோ மாட்டிட்டிருக்கும். என் பழைய 2 ஸ்ட்ரோக் மோட்டார்ல பம்பை மூணு தடவை பிரிச்ச பிறகுதான் அந்த ரப்பர் துண்டு கிடைச்சது. அதுவரைக்கும் பம்பையே குறை சொல்லிட்டிருந்தேன்.

அப்படியே தெர்மோஸ்டாட்டையும் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில போட்டுச் சூடாக்குங்க. பழைய மோட்டார் பலதுல அது 50–60 டிகிரி வாக்குல திறக்கும். கொதிச்சும் திறக்கலைன்னா மாத்திடுங்க. பல மாடல்ல இது மூடியே கிடந்தாலும் துளையில தண்ணீர் நல்லா வரும், எஞ்சின் தலை மட்டும் கொதிக்கும்.

மோட்டாரைத் தண்ணீர் நிரப்பின டிரம்மில வச்சு ஓட்டிப் பார்க்கிறதா இருந்தா புரொப்பல்லரைக் கழற்றிடுங்க. உறிஞ்சும் வாய்க்கு மேல தண்ணீர் நல்லா நிக்கணும். தண்ணீரில்லாம சில நொடி ஓடினாலே புது இம்பெல்லர் கெட்டுப்போகலாம்.